தினமும் தலைவலித் தூள் போடும் தங்கைக்கு இருப்பது சைனஸா, மைக்ரேனா?

சாட்ஸ்வொர்த் மல்லி:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கும் என் தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 36. பல வருடமாக மாதம் மூன்று நான்கு முறை வலது நெற்றிப்பொட்டு துடிக்கும், வாந்தி வரும், வெளிச்சம் பட்டால் தாங்காது, ஒரு நாள் முழுக்கப் படுத்துவிடுவாள். சில தடவை வலிக்கு முன்னால் 20 நிமிடம் போலக் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடு தெரியும். இந்த ஒரு வருடமாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது: விடிந்து எழும்போதே தலை முழுக்க மந்தமான வலி, மாதத்தில் 20 நாளுக்குக் குறையாது. தினம் இரண்டு பொட்டலம் கிராண்ட்-பா தலைவலித் தூளை டீயோடு போடுகிறாள். முடியாத நாளில் கோடீன் (அபின் வகை வலிமருந்து) கலந்த மாத்திரை. கண்ணுக்குக் கீழே கனப்பதால் சைனஸ் என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், பலனில்லை. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. கருத்தடை மாத்திரை எடுக்கிறாள். தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறாள், இன்னும் ஏழு வாரம்தான். எங்கிருந்து தொடங்குவது?

நரம்பியல் செவிலி:

மல்லி அக்கா, நீங்கள் எழுதியதில் இரண்டு தலைவலி இருக்கிறது. அவற்றைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலாவது மைக்ரேன்தான், ஒற்றைத் தலைவலி என்பார்களே, அது. 4 மணி முதல் 72 மணி நேரம் நீடிப்பது, ஒரு பக்கம், துடிப்பு, வேலையைத் தொடர முடியாத அளவு வலி, நடந்தாலும் படி ஏறினாலும் கூடுவது, கூடவே குமட்டல் அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தொந்தரவு செய்வது. இதெல்லாம் பொருந்துகிறது. முகத்தில் கனம், மூக்கடைப்பு, கண்ணில் நீர்கூட மைக்ரேனில் வரும், ஏனென்றால் நெற்றிக்கும் கன்னத்துக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்புதான் இதிலும் கிளறப்படுகிறது. அதனால்தான் இத்தனை பேர் சைனஸ் என்று வருடக்கணக்கில் அலைகிறார்கள். உண்மையான சைனஸ் தொற்று என்றால் மூக்கிலிருந்து மஞ்சள் அல்லது பச்சைச் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது இருக்கும். மாதம் நான்கு முறை வந்து மறுநாளே போகாது.

மின்னும் கோடு 'ஆரா'. மூளையின் மேற்பரப்பில் பின்பக்கம் பார்வைப் பகுதியிலிருந்து ஒரு மின் அலை நிமிடத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அந்த நகர்வைத்தான் கண் கோடாகப் பார்க்கிறது, அதனால்தான் மெதுவாக விரிந்து 5 முதல் 60 நிமிடத்துக்குள் மறைகிறது. இங்கே நிறுத்திச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். தைப்பூசம் வரை தள்ளாமல் இந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள். புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரை, ஊசி, காப்பர் டி என்று மாற்று நிறைய இருக்கிறது. மாற்று கைக்கு வரும்வரை ஆணுறை. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் அவசரம் இன்னும் அதிகம்.

இரண்டாவது, அந்தத் தினசரி மந்த வலி. அது பெரும்பாலும் மருந்தே உண்டாக்கும் தலைவலி. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி, மூன்று மாதத்துக்கு மேல் அதிகமாக வலிமருந்து, இரண்டும் சேர்ந்தால் சந்தேகிக்க வேண்டும். வெறும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் என்றால் எல்லை மாதம் 15 நாள். தூள் மாதிரிக் கலப்பு மருந்து, கோடீன், டிரிப்டான் (மைக்ரேனுக்கென்றே உள்ள மருந்து வகை) என்றால் 10 நாள்தான். எண்ண வேண்டியது நாட்களை, மாத்திரையை அல்ல. ஒரே நாளில் மூன்று போட்டாலும் அது ஒரு நாள், தினம் ஒன்று போட்டால் 30 நாள். தூளை உடனே முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை பீனிக்ஸ்:

செவிலி சொன்னதோடு எனக்கு ஒரே ஒரு விஷயத்தில் தயக்கம். 'உடனே நிறுத்து' என்பது தூளுக்குச் சரி. கோடீன் தினமும் போய்க்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்துவது வேறு கதை: வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும், மருத்துவர் பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாதத்தில் எத்தனை நாள், ஒரு தடவைக்கு எத்தனை மாத்திரை என்று சொல்லுங்கள்.

தூளுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஒரு பொட்டலத்தில் ஆஸ்பிரின் 450 மி.கி. சொச்சம், பாரசிட்டமால் 320 சொச்சம், கஃபீன் 65 வாக்கில். அந்தக் கஃபீன் சாதாரணமாக ஒரு கோப்பை டீயில் இருப்பதைவிட அதிகம். இரவில் அது உடம்பிலிருந்து இறங்க இறங்க, விடியற்காலையில் தலை வலிக்கிறது. எழுந்ததும் தூளும் டீயும் போட்டால் அரைமணியில் சரியாகிறது. 'மருந்து கேட்கிறது' என்று நினைக்கிறார்கள், உண்மையில் கஃபீன் குறைந்ததால் வந்த வலியைக் கஃபீனே ஆற்றுகிறது.

இன்னொரு தவறு, எண்ணாமல் சேர்ப்பது. தூள், மேலே பனடோ இரண்டு, மேலே கோடீன் மாத்திரை. மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது. பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. தாண்டக் கூடாது. தூளில் ஆஸ்பிரின் இருப்பதால் அதே நாளில் இபுப்ரோஃபெனும் சேர்த்தால் இரைப்பையில் இரத்தக்கசிவு வரலாம்.

சாட்ஸ்வொர்த் மல்லி:

இருவருக்கும் நன்றி. கோடீன் மாதம் எட்டு நாள் போல, தடவைக்கு இரண்டு. ஆஸ்துமா சிறு வயதில் இருந்தது, இப்போதும் குளிர்காலத்தில் பம்பு (இன்ஹேலர்) பயன்படுத்துவாள். தூளை நிறுத்தினால் வேலைக்குப் போக முடியுமா? அதுதான் அவள் பயம்.

மருந்துக்கடை பீனிக்ஸ்:

எட்டு நாள் என்றால் கோடீனையும் தூளோடு சேர்த்தே நிறுத்தலாம். முதல் 2 முதல் 10 நாள் வலி கூடும், குமட்டலும் எரிச்சலும் இருக்கும். அந்தப் பத்து நாளை முன்கூட்டியே குறித்து, விடுப்போ இலகுவான வேலையோ ஏற்பாடு செய்துகொள்ளட்டும். பலர் நான்காம் நாள் 'நிறுத்தினதால் மோசமாகிறது' என்று மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். மோசமாவது எதிர்பார்த்ததே. முழுத் தெளிவுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம்.

டீயைத் தூளோடு அதே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு கோப்பை என்று குறைத்து, கடைசியில் காலை ஒன்றில் நிற்கட்டும்.

ஆஸ்துமா என்று சொன்னது நல்லதாயிற்று. மைக்ரேனைத் தடுக்கப் பலருக்கும் எழுதும் புரோப்ரனோலால் இவருக்கு ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும்கூடச் சில ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். இத்தனை நாள் தூள் போட்டும் மூச்சில் மாற்றம் இல்லையென்றால் பயம் குறைவு, ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நரம்பியல் செவிலி:

மைக்ரேன் வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் மருந்தாக அமிட்ரிப்டிலின் கேட்டுப் பாருங்கள், அரசு கிளினிக்கிலும் கிடைக்கிறது. இரவு 10 மி.கி. தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. வீதம் கூட்டிக்கொண்டு போவார்கள். படுக்கும் நேரத்தில் போட்டால் காலையில் மந்தம் நீளும், இரவு எட்டு மணிக்கே போடுவது நல்லது. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். ஒத்துக்கொள்ளும் அளவை எட்டிய பிறகு எட்டு வாரம் காத்திருந்துதான் பலனைத் தீர்மானிக்க வேண்டும், இரண்டு வாரத்தில் 'வேலை செய்யவில்லை' என்று விடக் கூடாது. தடுப்புக்குத் தரும் வேறு மருந்துகளான டோப்பிராமேட், வால்ப்ரோயேட் இரண்டும் கருவைப் பாதிக்கும், பிள்ளை பெறும் வயதில் அவற்றைப் பற்றி நன்றாகக் கேட்டுத் தெரிந்த பிறகே யோசிக்க வேண்டும்.

பெரிய மைக்ரேன் வரும் நாளில் மருந்து தாமதமாகப் போவதுதான் பெரும்பாலும் தோல்விக்குக் காரணம். மைக்ரேனில் இரைப்பை மெதுவாகிவிடும், மாத்திரை உள்ளே அப்படியே கிடக்கும். வலி இலேசாக இருக்கும்போதே இபுப்ரோஃபென் 400 மி.கி., ஒரு வாய் சாப்பாட்டோடு. வாந்தி வரும் வழக்கம் இருந்தால் மெட்டோகுளோப்ரமைட் 10 மி.கி. சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், குமட்டலையும் நிறுத்தும், இரைப்பையையும் இயங்க வைக்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால் மருத்துவர் டிரிப்டான் வகையில் ஒன்றான சுமட்ரிப்டான் 50 மி.கி. தரலாம். கோடு தெரியும்போது அல்ல, வலி தொடங்கியதும் போடவேண்டும். தணிந்து திரும்ப வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதலாவது கொஞ்சமும் கேட்கவில்லையென்றால் அதே வலிக்கு இரண்டாவது வேண்டாம். இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவருக்கு இது தரக் கூடாது. நம் குடும்பங்களில் இளவயதிலேயே மாரடைப்பு வருவது உண்டு, அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டோங்காட் வாசகர்:

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக. எல்லாத் தலைவலியும் இப்படிப் பொறுமையாகக் கையாளக் கூடியது அல்ல. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, வலிப்பு: வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைபேசியில் 112 அழையுங்கள். காசநோய் அல்லது எச்.ஐ.வி. உள்ளவருக்கு நாள்கணக்கில் கூடிக்கொண்டே வரும் தலைவலி மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், இந்த நாட்டில் அதை மறக்கவே கூடாது. 50 வயதுக்குப் பிறகு புதிதாக வரும் வலி, தலை வாரினால் நெற்றிப்பொட்டு நோவது, மெல்லும்போது தாடை வலிப்பது என்றால் அன்றே பார்க்க வேண்டும், தாமதித்தால் பார்வை போகும். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ உள்ளே வைத்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால் அது கார்பன் மோனாக்சைடு. முதலில் எல்லோரும் வெளியே, பிறகுதான் மற்றது.

சாட்ஸ்வொர்த் மல்லி:

கடைசியாகக் காவடி. விரதம் பத்து நாள், ஒரு வேளைச் சாப்பாடு. விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை.

நரம்பியல் செவிலி:

விடச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் வரிசை முக்கியம். தூளை இன்றே நிறுத்தினால் விரதம் தொடங்கும்போது அந்தக் கெட்ட பத்து நாள் கடந்திருக்கும். விரதத்தன்றே தூள், டீ, சாப்பாடு மூன்றையும் சேர்த்து நிறுத்துவதுதான் நிச்சயமாக மைக்ரேனை அழைக்கும் வழி. ஒரு வேளைச் சாப்பாடு என்றாலும் இடையில் பால், வாழைப்பழம், இளநீர் எடுக்க முடியுமா என்று பூசாரியிடம் கேளுங்கள், நோயுள்ளவருக்குத் தளர்த்துவது புதிதல்ல. டர்பன் வெயிலும் புழுக்கமும் அந்த மாதத்தில் உச்சம், ஊர்வலத்தன்று உப்புப் போட்ட மோர் கூடப் போகட்டும். வெறும் வயிற்றில் ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ வேண்டாம், அந்நாளில் பாரசிட்டமால் 1,000 மி.கி. மட்டும். மின்னும் கோடு தெரிந்தால் காவடியை இறக்கி நிழலில் உட்கார வேண்டும். பக்கத்தில் நடப்பவரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.