கொல்லிமலையில் சாமை களத்தடிப்பு பார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போகும் திட்டம் இல்லை. மரவள்ளியும் மிளகும் பரவிய பிறகும் சாமை விதைக்கிற ஊர் ஒன்றில் அறுவடை நேரத்தில் இரண்டு நாள் தங்க வேண்டும். நான்கு பேர் வருகிறோம்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேடு வரை பேருந்தில் வந்துவிடலாம். அங்கிருந்து உள்ளூர்களுக்கு எந்த நேரத்தில் வண்டி கிடைக்கும், எங்கே இறங்கி நடக்க வேண்டும்?

முக்கியமாகப் பார்க்க நினைப்பது களத்து வேலை. சாணி மெழுகாத தரையில் அடித்தால் பொடிக்கல் கலந்துவிடும். சாமை கடுகளவுதான் என்பதால் பிறகு அதைப் பிரிப்பது பெரும்பாடு. ஈரம் போகாமல் உரலில் இட்டால் உமி கழலாது, அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசி நொய்யாகிவிடும். இந்தப் பதத்தைக் கையால் அள்ளிப் பார்த்தே சொல்லும் பெரியவர்கள் இருக்கும் ஊர் எது? மல்லியசாமை, திரிகுலசாமை என்ற நாட்டுச் சாமை ரகங்கள் இன்னும் யாரிடமாவது விதையாக இருக்கிறதா?

சொல்லாமல் போய் நின்றால் அறுவடை நாளில் அவர்களுக்குத்தான் தொந்தரவு. அதனால் முன்கூட்டியே யாரிடம் பேசுவது, தங்கவும் சாப்பிடவும் எவ்வளவு கொடுப்பது முறை என்று சொல்லுங்கள். சாமையை அரிசியாக வாங்கினால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்; உமியோடு 5 கிலோ தருவார்களா? இந்த வருடம் மழை தள்ளிப்போயிருந்தால் அறுப்பு எந்த வாரம் என்பதையும் மலையில் இருப்பவர்கள் தெரிவித்தால் பயணச்சீட்டு எடுத்துவிடுவோம்.