அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரைப் பார்த்தவர்கள், பாடக் கேட்டவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2009 ஜூன். அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் பாட்டுத் திருவிழா என்று அலுவலக நண்பர் ஒருவர் குரோட்டன் பாயின்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். மேடையில் ஒடிசலாக, நெடுநெடுவென்று ஒரு பெரியவர். வயது 90 என்றார்கள். கையில் கிட்டார் மாதிரி, தோல் போர்த்திய ஒரு நரம்புக் கருவி, பாஞ்சோ. அதன் கழுத்து மற்றவர்களுடையதைவிட நீளம். தாழ்ந்த சுருதியில் பாட வசதியாக அவரே அப்படி நீட்டிச் செய்துகொண்டதாம். அதன் தோலில் வட்டமாக ஏதோ எழுதியிருந்தது. 'இந்தக் கருவி வெறுப்பைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைக்கும்' என்று அர்த்தம்.

குரல் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அடுத்த வரியை ஒரு நொடி முன்னால் வேகமாகச் சொல்லிக் கொடுப்பார், பாடுவது நாங்கள். முகவாயை வானத்துக்குத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு எங்களைக் கேட்பார். என் அப்பத்தா நடவு வயலில் இப்படித்தான் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்கள். அந்த நினைப்பு வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் பெயரே அன்றைக்குத்தான் தெரியும். மூன்றாவது அடிக்கெல்லாம் நானும் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தேன்.

*

நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பள்ளியில் 'ஹோங்கே காம்யாப்' பாடிய எல்லோருக்கும் அவரோடு ஒரு உறவு உண்டு என்று நினைக்கிறேன். எங்களுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. கையைக் கோத்துக்கொண்டு நிற்பது மட்டும் பிடிக்கும். கிரிஜா குமார் மாத்தூர் இந்தியில் எழுதிய அந்தப் பாட்டுக்கு மூலம், 'வி ஷல் ஓவர்கம்' ('நாம் வெல்வோம்') என்ற அமெரிக்கப் பாட்டு என்று கல்லூரியில்தான் தெரிந்தது.

அதை சீகர் எழுதினார் என்று பலர் சொல்வார்கள், சரியில்லை. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டில் வேர் விட்டது அது. 1945-46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் புகையிலை ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் பாடினார்கள். அவர்களிடமிருந்து தொழிலாளர், சமூக இயக்கத்தினருக்குப் பயிற்சி தந்த டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் இருந்த சில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டு, 1947இல் சீகருக்குச் சொல்லிக் கொடுத்தார். சீகர் சில அடிகளைச் சேர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1957இல் அதே பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங் முன்னால் பாடினார். கிளம்பிக் காரில் போகும்போதும் கிங் அதை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். பாட்டின் வருமானம் தங்களுக்கு வேண்டாம் என்று சீகரும் உரிமையில் பங்கிருந்த மற்றவர்களும் ஹைலேண்டரில் ஒரு நிதியாகப் போகும்படி செய்துவிட்டார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது இதனால்தான்.

*

முதலில் எழுதிய நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பாட வைக்கும் அந்த வித்தை அவ்வளவு தேறியதற்கு ஒரு தண்டனைக்கும் பங்கு உண்டு. 1950இல் அவருடைய 'வீவர்ஸ்' குழுவின் பாட்டு நாடு முழுக்க முதலிடத்தில் இருந்தது. அப்புறம் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியல். 1955 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, யாருக்காகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன், வேண்டுமானால் பாட்டைப் பாடிக் காட்டுகிறேன் என்றார். பதில் சொல்ல மறுத்ததற்காக 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மறு வருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆனால் பெரிய தொலைக்காட்சிகள் 1967 வரை கதவைத் திறக்கவில்லை. அவரோ கல்லூரி, பள்ளிக்கூடம், சிறுவர் கோடை முகாம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பாடினார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்துதான் 60களில் கிட்டாரைத் தூக்கினார்கள்.

என் அனுபவம் சின்னது. சில வருடம் ஹட்சன் கரையில் இருக்கும் பீக்கன் ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். அங்கே ஒரு மலைச்சரிவில் தன் கையால் கட்டிய மரவீட்டில்தான் அவரும் மனைவி டோஷியும் வாழ்ந்தார்கள். ஹட்சனைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று 1969இல் 'கிளியர்வாட்டர்' பாய்மரக் கப்பலை மிதக்கவிட்டவர் என்பதால், ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மீன் பிடிக்கிறவர்கள்கூட.

ஒரு சனிக்கிழமை ஒன்பதாம் எண் நெடுஞ்சாலையில் சிக்னலில் நிற்கிறேன். நல்ல குளிர். சாலையோரம் ஏழெட்டுப் பேர், கையில் போருக்கு எதிரான அட்டைகள். நடுவில் கம்பளித் தொப்பியோடு அவர். மேடை இல்லை, மைக் இல்லை. என் மகள் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். அட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையாகியிருந்ததைக் கவனித்தேன்.