துரை பங்களா செங்கல் எந்த ஊர்க் கல்?

நொய்யல்கரை:
ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் அந்தத் துரை பங்களாவைப் பார்த்துவிட்டு வந்தோம். பூச்சு இல்லாத செங்கல் சுவர், நாலு பக்கமும் தாழ்வாரம், தேக்கு உத்தரம், மங்களூர் ஓடு, எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வீட்டின் மேல் இல்லை, நேற்று இங்கே ஆழியாறு அண்ணன் எழுதியதன் மேல். ஒவ்வொரு செங்கல்லும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம், நம்ம ஊர் மண்ணுக்கு அந்தத் தரம் வராதாம். எங்க அப்புச்சி சூளை போட்டவருங்க. மண்ணுக்கு என்ன குறையைக் கண்டீர்கள்?

ஆழியாறு:
அப்புச்சி சூளை போட்டால் பேரனுக்கு வரலாறு வந்துவிடுமா? வாசலில் பலகை இருக்கிறது, கண்ணாடி போட்டுப் படியுங்கள். ‘இங்கிலீஷ் பாண்டு செங்கல் சுவர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இங்கிலீஷ் செங்கல் இங்கிலாந்திலிருந்து வராமல் ஈங்கூரிலிருந்தா வரும்?

பழைய ஓவர்சீயர்:
தம்பிகளா, பாண்டு என்பது கல் வந்த ஊர் இல்லை, கல்லை அடுக்குகிற முறை. ஒரு வரி முழுக்கக் கல்லின் நீளவாட்டம் தெரியும், அடுத்த வரி முழுக்கத் தலை மட்டும் தெரியும், அது இங்கிலீஷ் பாண்டு. ஒரே வரியில் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் பிளெமிஷ் பாண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு நம்ம கொத்தனார் இன்றைக்கும் இங்கிலீஷ் பாண்டுதான் வைக்கிறார்.

ஆழியாறு:
அடுக்கியதை யார் கேட்டது? கல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து.

நொய்யல்கரை:
சரி, கணக்குப் போடுவோம். ஒரு கல் 3 கிலோ. அந்தச் சுவர் கனத்துக்கு ஒரு லட்சம் கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 300 டன். பொள்ளாச்சிக்கு ரயில் வந்ததே 1915-ல், வீடு அதற்கு முந்தியது என்று நீங்கள் கும்பிடுகிற அதே பலகைதான் சொல்கிறது. கொச்சியில் இறக்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்களா? வண்டிக்கு முக்கால் டன் என்றால் 400 வண்டி. காங்கேயம் காளைக்கே நாக்குத் தள்ளியிருக்கும். இதற்கு நடுவில் இங்கிலாந்தில் 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கே வரி போட்டிருந்தார்கள். காலடியில் செம்மண் கிடக்கும்போது வரி கட்டின கல்லைக் கடல் தாண்டிக் கொண்டுவர அந்தத் துரைக்கு என்ன, கிறுக்கா?

ஆழியாறு:
1862-லேயே கோவைக்குப் பக்கத்துப் போத்தனூர் வழியாக ரயில் ஓடியது, அதை வசதியாக மறந்துவிட்டீர்கள். கப்பல் ஆடாமல் இருக்க அடியில் பாரத்துக்குச் செங்கல் ஏற்றுவார்கள், அதுவும் தெரியாது. கல்லின் மேல் இங்கிலீஷ் எழுத்து இருப்பதை நான் தொட்டுப் பார்த்தேன்.

நொய்யல்கரை:
எங்க வீட்டு அரிசி மூட்டையிலும் இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது. லண்டன் வயலில் விளைந்ததா?

டெக்சாஸ் கோவைக்காரன்:
அமெரிக்காவிலும் இதே கதைதான். விர்ஜினியாவில் 1665-ல் கட்டிய பேக்கன்ஸ் கேசில் என்ற செங்கல் வீடு இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்களும் பழைய வீட்டைக் காட்டினாலே இங்கிலாந்துக் கல் என்பார்கள். ஆனால் அதே விர்ஜினியாவின் வில்லியம்ஸ்பர்க் ஊரில் உள்ளூர் மண்ணை மிதித்து, அறுத்து, சுட்டு, அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று இன்றும் செய்து காட்டுகிறார்கள்.

ஆழியாறு:
வந்துட்டாருங்க அமெரிக்க மாப்பிள்ளை. உங்க ஐயனின் பழைய தொட்டிக்கட்டு வீட்டை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினீர்களே, அந்தக் கல் எந்த ஊர் என்று கேட்டீர்களா?

டெக்சாஸ் கோவைக்காரன்:
பங்காளிகள் சேர்ந்து எடுத்த முடிவு அது. இங்கே எதற்கு?

நொய்யல்கரை:
பதில் இல்லாதபோது குடும்பத்தை இழுப்பது அவர் வழக்கம். போன வருஷம் ஓடு விஷயத்திலும் இப்படித்தான். பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஓட்டு ஆலை வைத்ததே 1865-ல், இவர் திப்பு காலத்து மங்களூர் ஓடு என்றார்.

ஆழியாறு:
ஓடு வேறு, கல் வேறு. கோவைக்குப் பக்கத்துத் தடாகம் ஊர்ச் செங்கல் சூளைகளை 2021-ல் ஏன் மூடினார்கள், அதைச் சொல்லுங்கள் முதலில். மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கிவிட்டு மண்பெருமை.

நொய்யல்கரை:
எங்க அப்புச்சி சூளை தடாகத்தில் இல்லை! இரண்டு தடவை சொல்லியாயிற்று. மண் மோசம் என்று சூளையை மூடவில்லை, தரமான மண் என்றுதான் அவ்வளவு ஆழம் தோண்டினார்கள். உங்கள் வாதத்தை நீங்களே இடிக்கிறீர்கள்.

ஆழியாறு:
இங்கிலாந்து. எழுத்து இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

நொய்யல்கரை:
படத்தில் கல்லைக் காணோம், உங்க முதுகுதான் தெரிகிறது.

பழைய ஓவர்சீயர்:
யாராவது அடுத்த தடவை போனால் சுவர் மூலையை மட்டும் படம் எடுங்கள். இங்கிலீஷ் பாண்டு என்றால் மூலைக் கல்லை ஒட்டி, நீளவாக்கில் பாதியாக வெட்டிய கல் ஒன்று நிற்கும். குயின் குளோசர் என்போம். அது இருந்தால்...

ஆழியாறு:
குயின்! ஓவர்சீயர் ஐயாவே சொல்லிவிட்டார். குயின் எந்த ஊருங்க?