செம்பு கிளைசீன் பளிங்கு வரவே மாட்டேன் என்கிறது, வெள்ளிக்கிழமை கண்காட்சி!

தலவாக்கலைத்தம்பி:
அவசரம். பாடசாலைக் கண்காட்சிக்குச் செம்பு கிளைசீன் சிக்கற் சேர்வை செய்கிறேன், அதாவது நடுவில் செம்பு, அதைச் சுற்றிப் பிடித்தபடி கிளைசீன் என்ற அமினோ அமிலம். செம்பைத் தண்ணீரில் போட்டு, கிளைசீன் சேர்த்துச் சூடாக்கி, மூன்று நாள் ஜன்னலோரம் வைத்தாயிற்று. மேலே நீலத் தண்ணீர், அடியில் பச்சை மண்டி, பளிங்கு, அதாவது படிகம், ஒன்றுகூட இல்லை. எங்கே பிழை?

பதுளைடீச்சர்:
எந்தச் செம்பு உப்பு தம்பி? எத்தனை கிராம்? எவ்வளவு தண்ணீர்? "செம்பைப் போட்டு" என்றால், கம்பியையா போட்டீர்கள்?

மூடுபனி:
காரணம் பனிதான். நானுஓயாவில் காயப்போட்ட சட்டை நாலு நாளாகியும் ஈரம், ஜன்னலோரத்தில் தண்ணீர் எப்படி ஆவியாகும்? அடுப்படிப் பரணில் வை.

கண்டிக்கரண்டி:
பாத்திரம் அலுமினியமா? அதுதான். செம்பு அதில் படிந்துவிடும்.

தலவாக்கலைத்தம்பி:
பீக்கர் அண்ணே.

பேராதனைப்பழசு:
கேள்வி கேட்கவும் ஒரு படிப்பு வேண்டும். கிளைசீன் தண்ணீரில் தன் நைதரசனில் ஒரு புரோத்தனைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு நிற்கும். அதை இறக்கிவைத்தால்தான் நைதரசன் செம்பைப் பிடிக்கும். வாங்கிக்கொள்ள ஒரு காரம் வேண்டும். செம்பு உப்பில் அசற்றேற்று இருந்தால் அது வாங்கும், சல்பேற்று வாங்காது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியும் இது.

மதுரைக்காரன்:
சிக்கற் சேர்வையா? எங்களுக்கு அது அணைவுச் சேர்மம். நடு உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறை, இங்கே கிளைசீனை, நீங்கள் இணையி என்பீர்கள், நாங்கள் ஈனி என்போம். பளிங்கு என்றால் தரைக்குப் போடும் கல்!

பேராதனைப்பழசு:
ஈனி என்றால் எங்கள் பக்கம் மாட்டுக்கொட்டில்தான் ஞாபகம் வரும்.

மதுரைக்காரன்:
எலக்ட்ரான் இணையைத் தருவதால் ஈனி, ஐயா. "சிக்கல்" மட்டும் அழகோ?

பதுளைடீச்சர்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். தம்பி, செம்பு எங்கே கிடைத்தது?

தலவாக்கலைத்தம்பி:
தோட்ட ஸ்டோரில் மாமா தந்த, தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்து மிஸ். செம்புதானே?

பதுளைடீச்சர்:
அட கடவுளே. வெளிர்பச்சைத் தூளா? அப்படியானால் செப்பு ஒட்சிக்குளோரைட்டு. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்த பிறகு மலையெல்லாம் செம்பு மருந்து அடித்தார்கள், ஆனால் இது தண்ணீரில் கரையாது, வேறு சேர்மானமும் கலந்திருக்கும். அதில் கொஞ்சம் கிளைசீனோடு சேர்ந்ததுதான் உங்கள் நீலம். ஓடையில் கொட்ட வேண்டாம், மீனுக்கு ஆகாது.

ஆய்வுகூடத்தில் செப்புச் சல்பேற்று இருக்கும். 2.5 கிராம் கரைத்து, 0.8 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலக் கூழ் வரும். சூடாக்காத தண்ணீரில் நாலைந்து தடவை கழுவுங்கள், சூடு காட்டினால் கறுத்துவிடும் (ஒரு வகுப்பே பார்த்திருக்கக் கறுக்க வைத்தவள் நான்). 1.5 கிராம் கிளைசீனை 30 மில்லிலீற்றர் சுடுநீரில் கரைத்து, கூழை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் கடும் நீலமாகக் கரையும். சூட்டோடு வடித்து, அதே அளவு எதனோலை மெதுவாக விட்டு ஐசில் வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் எதனோல் வேண்டாம்.

கண்டிக்கரண்டி:
வருவது சிஸ்ஸா, ட்ரான்ஸா?

பேராதனைப்பழசு:
ஊசியாக வந்தால் பெரும்பாலும் சிஸ், ஒரு நீர் மூலக்கூறோடு. சிஸ் என்றால் இரண்டு நைதரசனும் ஒரே பக்கம், ட்ரான்ஸ் என்றால் எதிரெதிர்ப் பக்கம். செம்பைச் சுற்றி ஒரே தளத்திலுள்ள இரண்டு நைதரசனும் இரண்டு ஒட்சிசனும் செம்பிலிருந்து சுமார் 2 ஆங்ஸ்ட்ரம் (ஒரு மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அந்த நீர் மட்டும் எட்டி நின்று 2.4. செம்பின் எலக்ட்ரான் அமைப்பால் வரும் இந்த நீட்சிக்கு ஜான்-டெல்லர் விளைவு என்று பெயர். எக்ஸ் கதிரால் பளிங்கின் அமைப்பைப் பார்க்காமல் கண்காட்சி அட்டையில் "சிஸ்" என்று எழுதிவிடாதே.

மூடுபனி:
பரணில் வைத்தாயா?

தலவாக்கலைத்தம்பி:
வந்தது! நீல ஊசி, தலைமுடித் தடிப்புத்தான். நன்றி மிஸ். அட்டையில் சிஸ் என்று எழுதியாயிற்று, மன்னிக்கவும் சேர்.