நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.02: வோட்கா ஊத்தலாமா?

உப்புத்தண்ணி:
பவளம் வளர்க்கிற கடல் மீன் தொட்டி, சம்பையும் (கீழே இருக்கிற ஃபில்டர் தொட்டி) சேர்த்து 200 லிட்டர். எல்பிஎஸ் (பெரிய பாலிப் உள்ள பவளம்) நிறைய, ஆக்ரோபோரா (கிளைவிடுற பவளம்) மூணு, மீன் ஏழு. நைட்ரேட் 40 பிபிஎம், பாஸ்பேட் 0.02, ஆல்க் (தண்ணியோட காரத்தன்மை) 8.5 டிகேஎச். ஸ்கிம்மர் (நுரையோட கழிவை எடுக்கிற கருவி), ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சுற இரும்புக் குருணை) ரெண்டும் ஓடுது. நைட்ரேட்டை 10-க்குக் கொண்டு வரணும். வாட்டர் சேஞ்சா, வோட்காவா?

கடல்நுரை:
வோட்காதான். அதைத் தின்னு பெருகுற பாக்டீரியா நைட்ரேட்டை இழுத்துக்கும். வாட்டர் சேஞ்ச் கணக்கைப் பாருங்க: 20 சதவீதம் வீதம் ஆறு தடவை மாத்தினாதான் 40 வந்து 10.5 ஆகும். 240 லிட்டர் தண்ணி, கிட்டத்தட்ட ஒன்பது கிலோ உப்பு. நடுவுல மீன் சாப்பிட்டுப் போடுற நைட்ரேட் தனிக் கணக்கு.

வாசனை, சர்க்கரை சேர்க்காத வோட்காவா வாங்குங்க. முதல் 3 நாள் தினம் 0.2 மிலி, அடுத்த 4 நாள் தினம் 0.4. அப்புறம் வாரம் ஒரு தடவை தினசரி அளவுல 0.5 மிலி கூட்டுங்க. நைட்ரேட் இறங்க ஆரம்பிச்சதும் கூட்டுறதை நிறுத்திடுங்க. 10-க்கு வந்ததும் அளவைப் பாதியாக்குங்க. அட்டவணை 40 சதவீத வோட்காவுக்குப் போட்டது, டாஸ்மாக் சரக்கு 42.8. அந்த வித்தியாசத்துக்கெல்லாம் கால்குலேட்டர் வேண்டாம்.

சம்புசாமி:
கேள்வியில் இருக்கும் இரண்டாவது எண்ணைப் படிக்கவே இல்லையா? பாஸ்பேட் 0.02. வோட்காவைத் தின்று பெருகும் பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் மட்டும் போதாது, பாஸ்பரஸும் வேண்டும். ரெட்ஃபீல்ட் விகிதப்படி 16 அணு நைட்ரஜனுக்கு ஒரு அணு பாஸ்பரஸ். எடைக் கணக்கில், 30 பிபிஎம் நைட்ரேட் கரைய ஏறத்தாழ 2.9 பிபிஎம் பாஸ்பேட் செலவாகும். சீக்கிரமே பாஸ்பேட் பூஜ்யமாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும். பிறகு மணல்மேல் பழுப்புச் சளி, அதில் காற்றுக்குமிழ். டைனோ (டைனோஃபிளஜெல்லேட் என்ற தொல்லைப் பாசி) வந்துவிட்டால் நைட்ரேட்டெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை என்று தோன்றும்.

கடல்நுரை:
ரெட்ஃபீல்ட் கணக்கு பிளாங்க்டனுக்கு (கடல்ல மிதக்குற நுண்ணுயிர்), சாமி. எல்லா நைட்ரேட்டும் பாக்டீரியா உடம்புக்கா போகுது? லைவ் ராக்குக்குள்ள (பாக்டீரியா குடியிருக்கிற துளைப் பாறை) ஆக்சிஜன் இல்லாத இடத்துல, வோட்காவுல இருக்கிற அதே கார்பனை வச்சு, பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலா நைட்ரேட்டைச் சுவாசிச்சு நைட்ரஜன் வாயுவா விட்டுடுது. அதுக்குப் பாஸ்பேட் செலவு ரொம்பக் கம்மி.

சம்புசாமி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எந்த அளவு நடக்கும் என்பது பாறையைப் பொறுத்தது. அடர்த்தியான கல் நாலு வைத்த டேங்கில் அதை நம்பி இறங்க முடியாது. முதலில் ஜிஎஃப்ஓவை நிறுத்துங்கள். அப்படியும் பாஸ்பேட் 0.05-ஐத் தொடவில்லை என்றால், ட்ரைசோடியம் பாஸ்பேட் டோடெகாஹைட்ரேட் 4 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணீரில் (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கியது) கரைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மிலி ஊற்றினால் 200 லிட்டரில் 0.05 ஏறும். பாறை உறிஞ்சுவதால் மறுநாள் குறைவாகக் காட்டலாம். பதறிப்போய் இரட்டிப்பாக ஊற்றாதீர்கள்.

அந்த 40 நிஜம்தானா? டெஸ்ட் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. தண்ணீரில் ஏற்கனவே நைட்ரைட் இருந்தால் அளவு எக்கச்சக்கமாகக் காட்டும். நைட்ரைட்டையும், ஆவியாகும் அளவுக்கு ஊற்றும் டாப்-அப் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு, பிபிஎம்மில்) அளந்து சொல்லுங்கள்.

உப்புத்தண்ணி:
நைட்ரைட் பூஜ்யம். டிடிஎஸ் 14. தினம் 3 லிட்டர் டாப்-அப் போகுது.

சம்புசாமி:
ஆர்ஓ டிஐ ஃபில்டரின் ரெசின் தீர்ந்துவிட்டது. மாற்றுங்கள். நைட்ரேட் நுழையும் ஓட்டை அங்கேதான்.

கடல்நுரை:
மாத்தட்டும், ஆனா ஓட்டை அது இல்ல. அந்த 14 முழுக்க நைட்ரேட்டே ஆனாலும் மாசத்துக்கு 6 பிபிஎம் சுமார்தான் ஏறும். மிச்சம் மீன் சாப்பாட்டுல இருந்து வருது.

உப்புத்தண்ணி:
வோட்கா ஊத்தினா ஆல்க் என்ன ஆகும்?

கடல்நுரை:
நைட்ரேட் 30 இறங்கினா ஆல்க் 1.4 போல ஏறும். நைட்ரேட், பாஸ்பேட் குறையுற நேரத்துல ஆல்க் 9-ஐத் தாண்டினா ஆக்ரோ நுனி வெளுத்துடும். ஆல்க் ஏத்துற டோசரைக் குறைச்சு 8 கிட்ட பிடிச்சு வைங்க. வோட்காவைக் காலையில லைட் எரிஞ்சதும் ஊத்துங்க, ராத்திரி வேண்டாம். பாக்டீரியா ஆக்சிஜனை இழுக்கும். கரன்ட் போய் ஸ்கிம்மர் நின்ன நாள்ல ஒரு சொட்டுகூடக் கூடாது. தண்ணி பால் மாதிரி கலங்கினா உடனே நிறுத்திட்டு ஏர் ஸ்டோன் போடுங்க, தெளிஞ்சப்புறம் பாதி அளவுல இருந்து ஆரம்பிங்க.

சம்புசாமி:
இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜிஎஃப்ஓவை நிறுத்தி இரண்டு வாரம் சும்மா விட்டுப் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

கடல்நுரை:
ரெண்டு வாரம் எதுக்கு? ரெண்டு நாள் தொடர்ந்து 0.05 காட்டினா மூணாம் நாள் 0.2 மிலி ஊத்தலாம்.