பியானோவுக்கு இடது பக்கம் உட்கார்ந்து கேட்ட கிளாரா ஷூமன்

மனதில் நின்றுவிட்ட ஒரு இசையை முதன்முதலில் எங்கே கேட்டோம் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், நானும் எழுதிவிடுகிறேன். நான் கேட்டது கூட்டத்தோடு உட்கார்ந்து அல்ல, பியானோ வாசிப்பவருக்கு இடது பக்கம் போட்டிருந்த ஒரு நாற்காலியில்.

ஜெர்மனியில், லைப்ஸிக்கில் படித்துக்கொண்டிருந்த இரண்டாவது குளிர்காலம் அது. என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த பெண் பியானோ மாணவி. ஒரு வீட்டுக் கச்சேரி இருக்கிறது, பக்கம் புரட்ட ஆள் வேண்டும், உனக்குத்தான் இசை நோட்டு படிக்கத் தெரியுமே, வா என்றாள். என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். கிளாரா ஷூமனின் பியானோ ட்ரியோ, அதாவது பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் எழுதியது, ஜி மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 17. எனக்கு அப்போது கிளாரா என்றால் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் மனைவி, பெரிய பியானோ கலைஞர், யூரோ வருவதற்கு முன்பிருந்த 100 மார்க் நோட்டில் அச்சடித்திருந்த முகம், அவ்வளவுதான். அவர் எழுதிய ஒரு வரிகூடக் கேட்டதில்லை.

பக்கம் புரட்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கடைசி வரி தொடங்கும்போதே சத்தமில்லாமல் எழுந்து, தாளின் மேல் மூலையை விரலால் பிடித்துக்கொண்டு, அவள் தலையசைக்கும்வரை நிற்க வேண்டும், ஒரு நோட்டைத் தவறவிட்டாலும் இடம் தப்பிவிடும். சும்மா கேட்கிறவர்களுக்கு மனம் நடுவில் எங்காவது போய்விட்டு வரலாம், எனக்கு அந்த வழி இல்லை. அரை மணி நேரத்துக்கு அந்தப் பெண்மணி எழுதியதை ஒவ்வொரு நோட்டாகக் கண்ணாலும் காதாலும் சேர்த்தே பின்தொடர்ந்தேன். இந்த இசை எனக்குள் இப்படி இறங்கியதற்கு அதுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

மூன்றாவது பகுதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பியானோ தனியாக ஒரு மெட்டை ஆரம்பிக்கிறது, அப்புறம் வயலின் அதை வாங்கிக்கொள்கிறது. நடுவில் தாளம் முறுக்கேறிக் கொஞ்சம் கொந்தளிப்பாக ஒரு பத்தி வந்து அடங்குகிறது. அடங்கியதும் அதே மெட்டு திரும்பவும் வருகிறது, இந்த முறை செல்லோவில். செல்லோக்காரர் எனக்கு எதிரே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார். வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன் அவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அடுத்த பக்கத்தின் மூலையைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது, அதை மறைக்கவும் முடியவில்லை.

கடைசிப் பகுதியில் ஒரு ஃபியூகாட்டோ வருகிறது. ஒரு குரல் சொன்னதை இன்னொன்று பின்னால் வந்து பிடித்துக்கொள்ளும், அதற்குள் முதல் குரல் வேறு பேச்சுக்குப் போயிருக்கும். தாளில் பார்த்தால் மூன்று வாத்தியத்தின் வரிகளும் ஒன்றையொன்று துரத்துவது தெரியும். ராபர்ட்டும் கிளாராவும் 1845இல் ட்ரெஸ்டனில் சேர்ந்து உட்கார்ந்து இந்த எழுத்துமுறையைப் படித்தார்கள், அதற்கு அடுத்த வருஷம்தான் இந்த ட்ரியோ. ஒரு பெண் இவ்வளவு தேர்ந்த, கனமான ஒன்றை எழுத முடியும் என்று வயலின் மேதை யோவாகிம் நம்பவில்லையாம், அதைப் பார்த்து இசையமைப்பாளர் மெண்டல்சன் சிரித்தாராம். பின்னாளில் இதை யோவாகிமே ஒரு கடிதத்தில் கிளாராவுக்கு எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. மெண்டல்சன் சிரித்ததில் ஆச்சரியமில்லை, அவருடைய அக்கா ஃபேனியே அற்புதமாக எழுதியவர்.

ட்ரியோவை எழுதியபோது கிளாராவுக்கு வயது 26, வீட்டில் குழந்தைகள், நடுவே கச்சேரிகள், அந்தக் கோடையில் ஒரு கருச்சிதைவு வேறு. சொந்தமாக எழுதி அதைத் தானே கேட்பதைப் போன்ற சந்தோஷம் வேறில்லை என்று அப்போது டைரியில் எழுதுகிறார். மறு வருஷம் ராபர்ட் தன் டி மைனர் ட்ரியோவை முடிக்கிறார். அதற்குப் பிறகு கிளாராவுக்குத் தன்னுடையது பெண்தனமாக, உணர்ச்சி வழிவதாகத் தோன்றிவிடுகிறது. நான் இரண்டையும் பலமுறை கேட்டாயிற்று. கிளாராவுடையது சிக்கனமானது, எதையும் தேவைக்கு மேல் இழுப்பதில்லை. அந்தத் தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது அவரே கொடுத்ததாக இருந்தாலும்.

கிளாரா இந்த ட்ரியோவை ஃபேனிக்குச் சமர்ப்பணம் செய்ய நினைத்திருந்தாராம். 1847 மே மாதம் ஃபேனி திடீரென்று இறந்துவிட்டார்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதில் ஃபேனி பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பெர்லினில் இருக்கிறேன். ஃபேனி ஹென்சலின் டி மைனர் ட்ரியோவை, ஓபஸ் 11, கேட்டுக் கேட்டுப் பைத்தியமாகி அவர் வீடு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். லைப்ஸிகர் தெரு, எண் 3. வீடு இல்லை, அந்த இடத்தில் இப்போது ஜெர்மன் நாடாளுமன்ற மேலவையின் கட்டடம் நிற்கிறது. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சேரி நடத்தினார். அந்த ட்ரியோவையும் 1847 ஏப்ரலில் அங்கேதான் வாசித்தார்கள், தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளுக்கு. அடுத்த மாதம் ஒரு ஒத்திகையில் பியானோ முன்னால் இருந்தபோதே கை மரத்துப்போய், அன்று இரவே போய்விட்டார், வயது 41. ட்ரியோ அச்சானது 1850இல்தான்.

பிறகு கல்லறைக்கும் போனேன், ஹாலேஷஸ் டோர் பக்கம், தம்பி மெண்டல்சனின் கல்லறைக்கு அருகிலேயே. இறப்பதற்கு முந்தைய நாள் எழுதிய பாட்டின் வரி, நோட்டோடு கல்லில் வெட்டியிருக்கிறது. நான் அதை மெதுவாக முணுமுணுத்துப் பார்த்தேன். மழைத் தூறல், சுற்றிலும் யாரும் இல்லை.

* * *

நான் மூன்று வருஷமாகச் செல்லோ கற்றுக்கொள்கிறேன். கிளாராவின் ட்ரியோவைப் பற்றி அக்கா எழுதியதைப் படித்த அன்றே அதன் மூன்றாவது பகுதியின் நோட்டை எடுத்துவிட்டேன், காப்புரிமை எப்போதோ முடிந்ததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போ ஆர்ட்ஸ் ட்ரியோ என்ற குழு வாசித்த பதிவைப் போட்டு, செல்லோ நுழைகிற இடம் வரைக்கும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் தடவை நுழையத் தைரியம் வரவில்லை, பாட்டு போய்விட்டது. இரண்டாம் தடவை எட்டு நோட்டு வாசித்தேன். அக்கா சொன்ன அந்த மூச்சு எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாளை மிச்சத்தையும் வாசிக்கப் போகிறேன்.