டிராஃப்ட்: மிதவை ஆழமா, முங்களவா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தப் பேச்சு தொடங்கக் காரணமே ஒரு வரைவோலைதான். கப்பலூரில் எங்கள் அலுவலகம். தூத்துக்குடிக்குப் பெட்டகம் (கன்டெய்னர்) அனுப்புகிற வேலை. (கப்பலே வராத ஊருக்கு அப்படிப் பேர்.) புதிதாகச் சேரும் பையன்களுக்குத் தமிழில் ஒரு கையேடு போடலாமென்று வெளியில் மொழிபெயர்க்கக் கொடுத்தோம். திரும்பி வந்ததில் 'கப்பலின் வரைவோலை 14 மீட்டர்' என்று இருந்தது. பேங்கில் எடுக்கிற டிராஃப்டும், கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்கிற டிராஃப்டும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. சிரித்து முடித்த பிறகு சரியான சொல் எது என்று யோசித்தால், என்னிடமும் பதில் இல்லை. அதனால்தான் போன வாரம் இங்கே கேட்டேன். வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து இந்தப் பதில்.

> துறைமுகச் செய்திகளிலேயே 'மிதவை ஆழம்' வந்துவிட்டது. ஓடுகிற சொல்லை எதற்குத் தம்பி நிறுத்த வேண்டும்?

ஐயா, ஓடுகிற சொல்தான், மறுக்கவில்லை. '14.20 மீட்டர் மிதவை ஆழம் கொண்ட கப்பல்' என்று நாளிதழில் நானும் படிக்கிறேன். என் சிக்கல் வேறு. அந்த வரியை எங்கள் பையன்களிடம் காட்டி, 'இது எதனுடைய ஆழம்?' என்று கேட்டேன். நாலு பேரில் மூன்று பேர் கடலுடைய ஆழம் என்றார்கள். ஒருவன், கால்வாயில் மிதக்கவிடுகிற மிதவைக்கு உள்ள ஆழம் என்றான். கப்பலுடையது என்று ஒருவனும் சொல்லவில்லை.

டிராஃப்ட் என்பது கப்பலின் உடம்பில் அளக்கிற அளவு. அடிக்கட்டையிலிருந்து நீர்மட்டம் வரை. கடல் எவ்வளவு ஆழம் என்பது தனிக் கணக்கு. அந்த இரண்டுக்கும் இடையில் மிஞ்சுகிற தண்ணீர்தான் கப்பல் தரை தட்டாமல் காப்பது. ஒரே 'ஆழம்' மூன்று இடத்திலும் வந்து உட்கார்ந்தால் கையேடு படிக்கிறவன் என்ன செய்வான்?

நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். வண்டியூர் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்குத் தெப்பம் விடுகிறோம். தண்ணீர் வற்றிய வருசங்களில் தெப்பம் நகராமல் நிலைத்தெப்பமாக நின்றதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தெப்பம் எவ்வளவு முங்கும் என்பது தெப்பத்தின் கணக்கு, குளத்தில் எவ்வளவு கிடக்கிறது என்பது குளத்தின் கணக்கு. குளத்தின் கணக்கு குறைந்தால் தெப்பம் நிற்கும். துறைமுகத்தில் தூர்வாரிக்கொண்டே இருப்பதும், புதுத் துறைமுகம் வந்த 1974க்கு முன்னால் பெரிய கப்பலெல்லாம் தூத்துக்குடிக் கரையை நெருங்காமல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வந்ததும் இந்தக் கணக்கினால்தான். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் இன்றைக்கும் இலங்கையைச் சுற்றிப் போகிறதே, அதுவும் இடையிலுள்ள பாக் நீரிணையில் ஆழம் போதாததால்தான்.

> 'தோய்வு' எப்படி? சின்னச் சொல், இனிமையும் இருக்கிறது.

அக்கா, எனக்கும் முதலில் பிடித்தது. கப்பலின் முன்பக்கத்துக்கு முன்தோய்வு, பின்பக்கத்துக்குப் பின்தோய்வு என்று எழுதிப் பார்த்தேன், அழகாக இருந்தது. ஆனால் ஓ ஒன்று குறுகினால் 'தொய்வு' ஆகிவிடும். 'துறைமுகத்தில் 14 மீட்டர் தொய்வு' என்று ஒரு நாள் அச்சாகும், பார்த்துக்கொண்டே இருங்கள். இன்னொரு யோசனையான 'அமிழாழம்' என்பதைப் படிக்கும்போது கண் 'அமிழா' என்று பிரித்துவிடுகிறது. அமிழவே அமிழாத கப்பல் நமக்கு வேண்டாம்.

நான் முன்வைப்பது 'முங்களவு'. முங்கு + அளவு. இடுப்பளவு, கழுத்தளவு என்று சொல்கிறோமே, அந்த வரிசையில் இதுவும் உட்காரும். ஆற்றில் இறங்கினவன் தண்ணீரைத் தன் உடம்பால் அளக்கிறான். 'வைகையில் முழங்காலளவு போகுது' என்கிறான். கப்பலுக்கும் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதன் பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக்கோடுமாக ஓர் அடையாளம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சாமுவேல் பிளிம்சால் போராடி, 1876இல் பிரிட்டனில் சட்டமானது. அதிகப்படியாகச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகக்கொடுத்த காலத்தில் வந்த கோடு. அதுதான் கப்பலின் கழுத்தளவு. அதற்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நன்னீருக்கென்று தனிக்கோடு கொஞ்சம் மேலே இருக்கும். ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ, நன்னீர் 1,000 கிலோ. பெட்டி மாதிரி நேர்ப்பக்கம் உள்ள கப்பல் கடலில் 10 மீட்டர் முங்கினால், ஆற்று முகத்துக்குள் வந்ததும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கூடுதலாக முங்கும். சரக்கு ஒரு கிலோ கூடவில்லை, முங்களவு மட்டும் கூடியது. 'ஆழம்' என்று எழுதி இதை விளக்கப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

ஒரு கலைச்சொல் தேறுமா என்பது அது குட்டி போடுகிறதா என்பதில்தான் தெரியும். முன்முங்களவு, பின்முங்களவு, முங்களவுக் குறி வரைக்கும் தொல்லையில்லை. எனக்கு முக்கியமானது டிராஃப்ட் சர்வே. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பலை எந்த எடைமேடையில் ஏற்றுவது? கப்பலே தராசு. இறக்குவதற்கு முன் ஆறு இடத்தில் குறி பார்ப்பார்கள், இறக்கிய பின் மறுபடி பார்ப்பார்கள். இடையில் செலவான எரிபொருள், கப்பல் நிலையாக நிற்க ஏற்றின பேலஸ்ட் தண்ணீர் எல்லாவற்றையும் கழித்துக் கூட்டினால் நிலக்கரியின் எடை வந்துவிடும். இதற்கு 'முங்களவு எடைக்கணிப்பு' என்று போட்டிருக்கிறேன். நீளம்தான், ஆனால் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது.

குட்டி போடாத இடம் ஏர் டிராஃப்ட். நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிற உயரத்துக்கு முங்களவு என்று சொன்னால் பொய். ஆனால் அங்கே 'காற்று மிதவை ஆழம்' என்பதும் கூத்துதான். பாம்பன் புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி 17 மீட்டர் மேலே தூக்கிக்கொள்கிறது. அடியில் போகிற படகுக்கு எவ்வளவு உயரம் என்பதே கேள்வி. 'நீர்மேல் உயரம்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஒரே வேர் என்பதற்காக நாமும் ஒரே வேரைப் பிடித்துத் தொங்க வேண்டாமே.

> கடலுக்குப் போகிறவன் முன்னால் 'முங்கு' என்று சொல்லிப் பாருங்கள். கப்பல் முங்கிப்போச்சு என்றால் என்ன அர்த்தம்?

இதற்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. கரைக்காரன் சௌகரியமாகச் சொல்வதைக் கடல்காரன் அபசகுனமாக எடுத்துக்கொள்வான், நியாயம்தான். அதற்குத்தான் 'அளவு' என்று சேர்த்தேன். அளந்து முங்குவது கவிழ்வதில்லை. அப்படியும் உறுத்தினால் 'அமிழளவு' என்று மாற்றிக்கொள்ளச் சம்மதம். அளவு என்ற பின்பாதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையேட்டில் இப்போதைக்கு முங்களவுதான், அடைப்புக்குள் டிராஃப்ட் என்று தமிழெழுத்தில்.

அப்புறம், ஸ்குவாட். ஆழம் குறைந்த கால்வாயில் வேகமாகப் போகிற கப்பல் நிற்கும்போது இருந்ததைவிடக் கூடுதலாக இறங்குமே, அதற்கு ஒருவர் 'குந்தல்' என்று எழுதியிருந்தார். கப்பல் குந்துமா, குத்தவைக்குமா என்று எங்கள் அலுவலகத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. உங்கள் பக்கம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். கையேட்டில் அந்தப் பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.